தெரிந்தும் கைகட்டி நிற்பது: ஐசியு நர்ஸுகள் இதை எப்படித் தாங்குகிறீர்கள்?

பொருநைச்செவிலி — செவ்வாய், இரவு 11.20

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். போன மாதம் நடந்த ஒன்றை எங்காவது இறக்கி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

முக்கூடல் பக்கத்து ஆச்சி. எழுபத்தெட்டு வயது. ஆயுள் முழுக்கப் பீடி சுற்றிய கை. வலது கை விரல்நுனி காய்த்துப்போய், ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினால் சரியாகக் காட்டாது; காதுமடலில்தான் மாட்டுவோம். வென்டிலேட்டர் போட்டுப் பதினொரு நாள். சிறுநீரகம் நின்றுவிட்டது. ரத்த அழுத்தத்தை ஏற்றி வைக்க இரண்டு மருந்து ஓடுகிறது. எட்டாம் நாளே எங்கள் எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். மூத்த மகன் மட்டும் தினமும் காலையில் கண்ணாடிக் கதவருகே நின்று, "சிஸ்டர், அம்மா தேறிவிடுவாளா?" என்று கேட்பார். "டாக்டரிடம் கேளுங்கள்" என்று சொல்ல எங்களுக்கு உத்தரவு. டாக்டர், "பார்க்கலாம்" என்பார். காப்பீட்டு அட்டையில் வந்த பணம் தீர்ந்து, வயலை ஒத்திக்கு வைத்துவிட்டார்கள்.

பதினொன்றாம் நாள் இரவு இளைய மகள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பால் கொண்டு வந்தாள். முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள். "ஒரு சொட்டு அம்மா வாயில் விட்டுவிடுகிறேன் சிஸ்டர்." வாயில் குழாய் இருக்கிறது. வாய் வழியாக எதுவும் கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இரண்டு நாற்பதுக்கு ஆச்சி போய்ச் சேர்ந்தாள்.

காலையில் ஹேண்டோவர் கொடுக்கும்போது பால் அங்கேயே இருந்தது, மேலே ஆடை படிந்து. அதை சிங்கில் ஊற்றியது நான்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவது மாமியார்.

இது வேலைக் களைப்பா, குற்ற உணர்ச்சியா? பெயர்கூடத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி உண்டா?

வெள்ளைத்தொப்பி — செவ்வாய், இரவு 11.52

தாயி, இப்போது சாப்பிட்டுவிட்டுப் படு. முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனை வார்டில் நின்று ஓய்வு பெற்றவள் நான். பால் விஷயத்தில் உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, நாளை விரிவாக எழுதுகிறேன். கண்ணாடி துடைத்துக்கொண்டு போனில் தட்டச்சு செய்ய இரவில் முடியவில்லை.

கரும்பலகை — புதன், காலை 6.40

நர்ஸிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். நீங்கள் கேட்ட பெயர் இருக்கிறது. 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர், நர்ஸுகளுக்கென்றே எழுதிய அறவியல் நூலில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நம்மிடம் தர்மசங்கடம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது வேறு. தர்மசங்கடத்தில் இரண்டு வழி முன்னால் நிற்கும், எது சரி என்று தெரியாமல் திண்டாடுவோம். உங்களுக்கு எது சரி என்பதில் சந்தேகமே இல்லை. அந்த மகனிடம் உண்மை சொல்லப்பட வேண்டும் என்று எட்டாம் நாளே தெரியும். செய்யவிடாமல் தடுத்தது விதி, உத்தரவு, மேலிடம். ஜேம்டன் சுட்டியது இந்த இரண்டாவதைத்தான். நான் வகுப்பில் இதை அறத்துயர் என்று சொல்லிக்கொடுக்கிறேன். பாடநூலில் வேறு சொல் இருந்தாலும் மாணவிகளுக்கு இதுதான் ஒட்டுகிறது.

இது களைப்பும் இல்லை. களைத்தவளுக்கு நான்கு நாள் விடுப்பு கொடுத்தால் தேறிவிடுவாள். நீங்கள் விடுப்பில் போய் வந்தாலும் அந்த டம்ளர் ஜன்னல் திட்டில்தான் இருக்கும்.

சில நிர்வாகங்கள் இதற்கு வைத்திருக்கும் மருந்து உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்த மேலாண்மை வகுப்பு, மூச்சுப் பயிற்சி, சுண்டல், கடைசியில் குரூப் போட்டோ. மூச்சை எப்படி இழுத்தாலும் மறுநாள் கதவருகே அதே மகன்தான் நிற்பார்.

வல்லநாட்டான் — புதன், காலை 9.15

எல்லோரும் ஒருவருக்கொருவர் தடவிக்கொடுங்கள். எங்கள் அப்பாவைப் பதினான்கு நாள் இப்படித்தான் வைத்திருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று நானும் சொல்லவில்லை. ராத்திரி டூட்டியில் இருந்த நர்ஸ் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். நான் எதைக் கேட்டாலும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். கடைசி நாளில் பொறுமை போய், வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். இன்றைக்கும் வட்டி கட்டுகிறேன். தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்துவிட்டு, துயரம் அவர்களுக்குத்தான் என்கிறீர்கள். எங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

பொருநைச்செவிலி — புதன், மதியம் 2.05

அண்ணாச்சி, நீங்கள் கோபப்படுவதில் தப்பில்லை. நானும் மானிட்டரைப் பார்த்துத்தான் பேசுவேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் உண்மை வாயில் வந்துவிடும். வந்தால் மறுநாள் அலுவலகத்தில் விசாரணை. என் அசல் சான்றிதழ்கள் அங்கே அலமாரியில் இருக்கின்றன. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

பச்சையாறு — புதன், இரவு 10.30

"பார்க்கலாம்" என்று சொல்லும் ஆள் நான்தான். வேறு ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியு டாக்டர். இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? நோயாளி பிழைக்க மாட்டார் என்று சொல்வதற்கு ஒரு அறை வேண்டும், நாற்காலி வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். என்னிடம் பன்னிரண்டு படுக்கையும் வராந்தாவும்தான் இருக்கின்றன. சொன்னாலும் ஊரில் இருக்கும் மகன் சரி என்பார், துபாயில் இருக்கும் மகன் போனில், "நான் வரும்வரை வைத்திருங்கள்" என்பார். விமானம் ஏறி வந்து இறங்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் நோயாளியின் உடம்பில்தான் கழிகிறது. அதோடு பயம். கண்ணாடி உடைந்த ஆஸ்பத்திரிகளைப் பார்த்திருக்கிறேன். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008இலிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அது வந்து குறுக்கே நிற்காது. பில் ஏறுவதில் நிர்வாகத்துக்கு வருத்தம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சிஸ்டர், ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் ஒரு சீனியர் நர்ஸ் ரவுண்ட்ஸ் நடுவே எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார்: "சார், ஆறாம் படுக்கைக்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?" கேள்வி அவ்வளவுதான். முதல் முறை எனக்குக் கோபம் வந்தது. அன்று மாலை ஆறாம் படுக்கையின் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். அவர் கேட்டிருக்காவிட்டால் பேசியிருக்க மாட்டேன்.

ஒத்தசுழி — புதன், இரவு 11.10

கேட்டதற்காக என்னை ஐசியுவிலிருந்து ஓ.பி.க்கு மாற்றினார்கள். எல்லா டாக்டரும் பச்சையாறு இல்லை.

கறுப்புக்கோட்டு — வியாழன், காலை 8.20

வழக்கறிஞர். இரண்டு விஷயம். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எந்த முதலாளிக்கும் கிடையாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும், பெரும்பாலும் அலமாரி திறந்துவிடும்.

இரண்டாவது, டாக்டரின் பயத்தைப் பற்றி. பிழைக்க வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ள 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. நடைமுறை கடினமாக இருக்கிறது என்று 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கினார்கள். சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட ஒரு குழு, அதற்கு மேல் இன்னொரு குழு. கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். நோயாளி முன்கூட்டி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு இந்த வழி திறந்திருக்கிறது. எத்தனை ஆஸ்பத்திரியில் இந்தக் குழுவைக் கூட்டுகிறார்கள் என்று டாக்டரே சொல்லட்டும்.

அந்தக் குழுவில் நர்ஸுக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். இத்தனைக்கும் இந்தச் சட்டத்தின் தொடக்கமே ஒரு நர்ஸ். 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாகை 2015இல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டது அவர் வேலை செய்த கேஇஎம் மருத்துவமனையின் நர்ஸுகள். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கில் 2011இல் வந்த தீர்ப்பு, அவருக்காகப் பேசும் உரிமை மனு போட்டவருக்கு இல்லை, கேஇஎம் ஊழியர்களுக்கே என்றது. தினமும் திருப்பிப் படுக்கவைத்தவர்களின் சொல்லுக்கு அன்று எடை இருந்தது.

வெள்ளைத்தொப்பி — வியாழன், மாலை 5.45

தாயி, தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பேரன் பள்ளியில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டான்.

குழாய் போட்ட நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் துடைக்கிறாய் அல்லவா? பஞ்சை நனைத்து, உதடு, ஈறு, நாக்கு எல்லாம். அந்தப் பஞ்சை மகள் கையில் கொடுத்திருக்கலாம். நீ கையைப் பிடித்துக்கொள். பாலில் பஞ்சை நனை, சொட்டாதபடி பிழி, உதட்டை மட்டும் ஒற்று, அவள் அம்மா என்று கூப்பிட்டு முடிக்கட்டும், பிறகு வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடு. வாய்க்குள் எதுவும் போகவில்லை, கேஸ் ஷீட்டுக்கும் விரோதமில்லை. அவளைப் பொறுத்தவரை பால் ஊற்றியாகிவிட்டது. நான் இதைப் பத்து இருபது பேருக்குச் செய்ய வைத்திருக்கிறேன். தாமிரபரணித் தண்ணீரைச் சின்னச் செம்பில் கொண்டு வருவார்கள், துளசி போட்டுக் கொண்டு வருவார்கள், ஜெபித்த எண்ணெய் கொண்டு வருவார்கள். எல்லாவற்றுக்கும் பஞ்சுதான்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எனக்கும் இதை யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்த ஏழாவது வருடம் ஒரு வார்டு ஆயா சொன்னாள். அதற்கு முன்னால் நானும் "முடியாது" சொல்லி அனுப்பியவள்தான்.

இன்னொன்று. பெண்கள் வார்டில் மஞ்சள் அரளி விதை தின்றுவிட்டு வரும் சின்னப் பெண்கள் இருப்பார்கள். பிழைத்ததும் அதே வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், மாமியாரும் புருஷனும் வாசலில் ஆட்டோவோடு நிற்பார்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடியாது. நான் செய்தது ஒன்றுதான். "டாக்டர், இன்னும் ஒருநாள் இசிஜி பார்த்துவிடலாமே" என்பேன். அந்த விஷத்தில் இதயத் துடிப்பு தாமதமாகவும் தடுமாறும், ஆகையால் பொய்யில்லை. அந்த ஒருநாளில் அவளுடைய அம்மாவுக்கு ஆள் விட்டுவிடுவோம். சில அம்மாக்கள் வந்தார்கள்.

பொருநைச்செவிலி — வியாழன், இரவு 7.30

அக்கா, படித்ததும் முதலில் அழுகை வந்தது, பிறகு உங்கள் மேலேயே கோபம் வந்தது. விதிதான் தடுத்தது என்று ஒரு மாதமாக என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். இப்போது வெறும் பஞ்சு போதும் என்கிறீர்கள்.

கரும்பலகை — வியாழன், இரவு 8.10

அந்தக் கோபம் வந்தது சரிதான். ஆனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பஞ்சு உங்களுக்குத் தெரியாத ஒரு கைவேலை. இன்று தெரிந்துகொண்டீர்கள். மகனிடம் உண்மையை மறைத்தது உங்கள் கையில் இல்லாதது. முன்னதன் பழியையும் பின்னதன் பாரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குகிறீர்கள், அதனால்தான் இவ்வளவு கனக்கிறது.

தொகுப்பூதியம் — வெள்ளி, அதிகாலை 3.15

வார்டில் இப்போதுதான் சற்று ஓய்ந்திருக்கிறது, எழுதுகிறேன். ஆண் நர்ஸ். 2015இல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அரசுப் பணிக்கு வந்த கூட்டத்தில் ஒருவன். நீங்கள் உண்மை சொல்வது, பஞ்சு நனைப்பது என்று பேசுகிறீர்கள். எனக்கு வரும் துயரம் கணக்கு. கற்பிக்கும் மருத்துவமனைகளில் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவு. இன்று இரவு என்னிடம் நாற்பத்தொரு பேர். ஒருவருக்கு ஊசி போடும்போது இன்னொருவர் கூப்பிடுகிறார், எது முந்தியது என்று தெரியும், போக முடியாது. இது ஒரு நிகழ்ச்சி இல்லை, எல்லா இரவும் இதே கதை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் மாற்று ஆள் வர வழியில்லாமல் இரண்டு பகல் இரண்டு இரவு நின்றேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாள்களில் எனக்கு இந்த உறுத்தல் இல்லை. ஆள் ஏன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், டாக்டரும் சேர்ந்து தள்ளுவண்டி தள்ளினார், யாரும் யாரையும் விளக்கம் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், மருந்துப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து விட்டுப்போனதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

ஏழாம் படுக்கை கூப்பிடுகிறது.

கரும்பலகை — வெள்ளி, காலை 7.00

தம்பி வெள்ளத்தைச் சொன்னதால் ஒன்று தோன்றுகிறது. தண்ணீர் வடிந்த பிறகும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துச் சுவர்களில் ஒரு கோடு நின்றதல்லவா? 2009இல் எப்ஸ்டீன், ஹாம்ரிக் என்ற இரண்டு நர்ஸிங் பேராசிரியைகள் எழுதியது கிட்டத்தட்ட அதைத்தான். ஒரு நோயாளியின் விஷயம் முடிந்ததும் துயரம் வடியும், ஆனால் முழுக்க வடியாது. மிச்சம் நிற்கும் அளவிலிருந்துதான் அடுத்தது ஏற ஆரம்பிக்கும். ஆறு வருடத்தில் எத்தனை கோடு என்று யோசித்துப் பாருங்கள். நம் பெண்கள் மூன்றாவது வருடத்தில் அயர்லாந்துக்கு விண்ணப்பம் போடுவது சம்பளத்துக்காக மட்டும் என்று நான் நம்பவில்லை. (சம்பளமும்தான். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் மத்திய அரசின் குழு பரிந்துரைத்தது. நம் ஊரில் எத்தனை பேர் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும்.)

அமெரிக்கத் தீவிர சிகிச்சை நர்ஸுகளின் சங்கம் கேள், உறுதி செய், எடை போடு, செயல்படு என்று நான்கு படி சொல்லிக்கொடுக்கிறது. தேர்வுக்கு நானும் கற்பிக்கிறேன். நான்காவது படியில் ஒத்தசுழியை ஓ.பி.க்கு மாற்றிவிடுவார்கள் என்று அதில் எழுதியிருக்காது. அதனால் தனியாகச் செயல்படச் சொல்லி யாருக்கும் நான் ஆலோசனை சொல்வதில்லை. இன்சார்ஜ் சிஸ்டரோடு, முடிந்தால் ஒரு டாக்டரோடு சேர்ந்து கேளுங்கள்.

வள்ளியூர்க்காரி — சனி, மாலை 4.20

இங்கிலாந்தில் எட்டு வருடம். இங்கே மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் எல்லோரும் உட்காருவோம்: டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர், வரவேற்பில் இருப்பவர். மூன்று பேர் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். சிகிச்சை சரியா தப்பா என்ற ஆராய்ச்சி கிடையாது, அது தங்களை என்ன செய்தது என்பது மட்டும். 1995இல் புற்றுநோயில் இறந்த பாஸ்டன் வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரால் வந்தது. முதல்முறை ஒரு பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் குரல் உடைந்து பேசியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மறுவாரம் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க எனக்குப் பயம் இல்லை. கிடைத்த பயன் அதுதான் என்பேன். சொர்க்கம் என்று நினைக்காதீர்கள், இங்கேயும் ஆள் குறைவு, இங்கேயும் லாக்கர் அறையில் அழுகிறோம்.

பொருநைச்செவிலி — மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.00

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. கறுப்புக்கோட்டு ஐயா சொன்னபடி எழுத்தில் கேட்டேன், வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று. கொடுத்துவிட்டார்கள். அதை வீட்டுப் பீரோவில் வைத்த அன்று இரவு டூட்டியில் என் குரலே கொஞ்சம் மாறியிருந்தது என்று கூட வேலை செய்பவள் சொன்னாள்.

பஞ்சு விஷயத்தை இன்சார்ஜ் சிஸ்டரோடு போய் டாக்டரிடம் கேட்டோம். இறுதி நிலையில் உள்ளவர்களுக்கு, நர்ஸ் பக்கத்தில் இருந்தால், உதட்டை ஒற்றலாம் என்றார். எழுதித் தரக் கேட்டதற்கு நிர்வாகம் மறுத்துவிட்டது. வாய்மொழியாக மட்டும். போன வாரம் கல்லிடைக்குறிச்சித் தாத்தா ஒருவர். மகன் ஆற்றுத் தண்ணீரை மருந்து பாட்டிலில் கொண்டு வந்திருந்தார். கை நடுங்கியதில் பஞ்சிலிருந்து இரண்டு சொட்டு தலையணையில் விழுந்தது. உறையை மாற்றினேன். அவர் அந்தப் பழைய உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கணக்கில் ஒன்று குறைகிறது என்று லினன் ரூமில் கேட்கிறார்கள், இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒருவர் இறந்த பிறகு அந்தப் படுக்கையருகே ஒரு நிமிடம் எல்லோரும் சும்மா நிற்பது என்று பேசிக்கொண்டோம். நான்கு மரணத்தில் இரண்டுக்கு நின்றோம். மூன்றாவதில் பக்கத்துப் படுக்கை மோசமாகிவிட்டது. நான்காவதில் யாருக்கும் நினைவே வரவில்லை.

குடும்பத்திடம் உண்மை சொல்வது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சித் தாத்தாவுக்கும் கடைசிவரை "பார்க்கலாம்"தான்.

வல்லநாட்டான் — ஞாயிறு, மதியம் 12.40

அன்றைக்கு நான் கத்திய சிஸ்டரின் பெயர் தெரியவில்லை. பில்லில் தேடினேன், இல்லை.

கறுப்புக்கோட்டு — ஞாயிறு, மதியம் 1.15

பில்லில் இருக்காது அண்ணாச்சி. மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், மூன்று வருடம் வரை அவர்கள் வைத்திருக்கவும் வேண்டும். நர்ஸ் குறிப்புத் தாளில் ஒவ்வொரு டூட்டிக்கும் கீழே கையெழுத்து இருக்கும். வழக்குப் போடத்தான் கேட்கிறீர்கள் என்று பயப்படுவார்கள், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தொப்பி — ஞாயிறு, இரவு 8.05

தாயி, வீட்டில் பால் காய்ச்சுகிறாயா?

பொருநைச்செவிலி — ஞாயிறு, இரவு 8.30

இன்னும் மாமியார்தான் அக்கா. நேற்று டிகாஷன் மட்டும் நான் போட்டேன்.